இடுப்பில் கட்டிய பச்சைக் கயிறு

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் பச்சை நைலான் கயிறு ஒன்று தொங்குகிறது. காசிமேட்டில் விசைப்படகுகளைக் கட்டிப்போடும் கயிறு. வெயிலிலும் உப்பிலும் கிடந்து பச்சை வெளுத்து, புரிகளில் பிசிறு கிளம்பிவிட்டது. ஒரு நுனியில் மட்டும், ஓர் ஆளின் இடுப்பு நுழைகிற அளவுக்கு வளையம் போட்டு, அது உறுத்தாமல் இருக்கச் சிவப்பு வெல்வெட் துணியைச் சுற்றித் தைத்திருக்கும். அந்தக் கயிற்றின் மேல் என் மனைவிக்கு ஒரு கண். மழைக்காலத்தில் துணி காயப்போட இடம் போதவில்லை என்று அவள் பேச்செடுக்கும்போதெல்லாம் பார்வை கதவுப் பக்கம் போய்வருவதை நான் கவனிக்காமல் இல்லை. ஒரு நாள் நான் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் என் சட்டையே அதில் தொங்கும் என்று எனக்குச் சந்தேகம். அதனால் வெளியே போய் வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிடுவேன்.

சந்தேகம் என் கூடப் பிறந்தது. கூடப் பிறந்த இன்னொருவர் பெரியண்ணன். மீன்காரம்மா தராசைத் தூக்கினால் நான் தராசைப் பார்க்கமாட்டேன், அவள் கட்டை விரலைப் பார்ப்பேன். சாமியார் பிரசங்கத்தில் பொதுவாக ஏதாவது சொன்னால் என்னைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று நினைப்பேன். "கைரேகை ஜோசியக்காரன் ஒர்த்தன் உங்கிட்ட மாட்னான்னு வையி, அவன் கைய நீ புட்ச்சுப் பாப்ப நைனா" என்று பெரியண்ணன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் அவர் அதை யார் யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார் என்று அப்புறம் விசாரிப்பேன்.

துறைமுகத்தில் கிரேனுக்குக் கைகாட்டுவது அவருடைய வேலை. உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் கீழே இருந்து கத்தினால் எதுவும் கேட்காது. அதனால் கீழே நிற்பவர் கையாலேயே பேசவேண்டும். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு, கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு, முஷ்டியை மூடினால் நிறுத்து, ஒரு கையை அசையாமல் வைத்து அதன்மேல் இன்னொரு கை அசைந்தால் மெதுவாக. வீட்டிலும் அவர் கை சும்மா இருக்காது. சாப்பாட்டில் அண்ணி குழம்பு ஊற்றும்போது முஷ்டியை மூடிக் காட்டுவார். அந்த அகலமான கைகளால்தான் எங்கள் பேண்டில் பெரிய டிரம்மையும் அடித்தார்.

பேண்டு என்றால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். ராயபுரத்தில் எங்கள் மாதிரி வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, குடும்பங்களில் ஊதத் தெரிந்தவர்களுக்கும் தட்டத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. கோயில் கொடியேற்றம், தேர், கல்யாணம், சாவு என்று எதற்கும் பேண்டு உண்டு. எங்களுடையது அதில் ஒரு கோணல் ரகம். பெரியண்ணன் பெரிய டிரம், நான் டிரம்பெட், எங்கள் தம்பி சின்ன டிரம். சிநேகிதர்கள் இருவர். ஒருவர் டெய்லர், கிளாரினெட் வாசிப்பார். எங்கள் எல்லாருக்கும் சிவப்பு வெல்வெட் கோட்டு தைத்து, தோளில் திரைச்சீலைக் குஞ்சம் வைத்தவர் அவர். இன்னொருவர் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர். தாளத்தட்டு இரண்டையும் அவர் மோதினால் பந்தல் அதிரும். நாங்கள் முதலில் பட்டாளத்து பேண்டு மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டு ஒரு மார்ச் ஆரம்பிப்போம். பாதிப் பாட்டில் எல்லாம் கெட்டுப்போகும். டெய்லர் ஊதிக்கொண்டே தூங்கிவிழுவார். ஐஸ்காரர் தட்டை மோதப்போய் அதற்குள் தன் மீசை மாட்டிக்கொண்டதாக அலறுவார். தம்பி எங்கிருந்தோ ஒரு புடவையைச் சுற்றிக்கொண்டு வந்து, தன்னைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றியவன் மாப்பிள்ளைதான் என்று பந்தலில் ஒப்பாரி வைப்பான். இவ்வளவு கூத்துக்கு நடுவிலும் பெரியண்ணன் மட்டும் ஒட்டுமீசையோடு துளியும் சிரிக்காமல் டிரம்மை அடித்துக்கொண்டிருப்பார். அவர் சிரிக்காததைப் பார்த்துத்தான் ஜனங்கள் அதிகமாகச் சிரித்தார்கள்.

இந்தக் கூத்தில் எனக்குக் கூத்து கிடையாது. அதுதான் என் பெருமை. எல்லாம் சொதப்பி முடிந்ததும், பெரியண்ணன் துறைமுக விசிலை எடுத்து ஒரு ஊது ஊதுவார். சட்டென்று எல்லாம் நிற்கும். அந்த அமைதியில் என் டிரம்பெட் மட்டும் தனியாகக் கிளம்பி மேலே போகும். அதுவரை விழுந்து விழுந்து சிரித்த ஜனம் வாயை மூடிக்கொண்டு கேட்கும். ஒரு பாட்டிம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். எர்ணாவூர்ப் பக்கம், இரும்பைக் காய்ச்சி ராட்சதச் சுத்தியால் அடிக்கிற ஒரு பட்டறையில் வாரமெல்லாம் கரியோடு கரியாகக் கிடந்தவனுக்கு, ஞாயிற்றுக்கிழமையின் அந்த ஐந்தாறு வரி இசைதான் மனிதன் என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே இடம். அதை யாராவது என்னிடமிருந்து பிடுங்கப் பார்த்தால் நான் சும்மா இருப்பேனா?

பிடுங்கப் பார்த்தது பெரியண்ணன்தான் என்று ரொம்ப காலம் நம்பினேன்.

மாத்தூரில் ஒரு கல்யாணம். கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பெரியண்ணன் பின்னால் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், இந்தப் பச்சைக் கயிற்றின் வளையத்தை என் தலைவழியாகப் போட்டு இடுப்புக்கு இறக்கினார். மறுநுனி அவர் கையில். "புது ஐட்டம் நைனா. நீ ஓடிப்போற ஆளு. நான் உன்ன இஸ்துகினு வர்ற ஆளு. கயித்த இஸ்தா வாசி, அவ்ளோதான்" என்றார். விசில் எங்கே என்று கேட்டேன். பழசாகிவிட்டது என்று கையை வீசினார். எல்லாம் கெட்டுப்போய் நிற்கும் அந்த இடத்தில், முதுகுக்குப் பின்னாலிருந்து இடுப்பில் ஒரு வெடுக்கு விழுந்தது. நான் துள்ளிக்கொண்டு ஊதினேன். பந்தலே சிரித்தது. நான் ஊத ஆரம்பித்தபின் முன்னே மாதிரி அடங்கவுமில்லை. ஒரு குழந்தை என்னைக் காட்டி "கொரங்கு" என்றது. அது குழந்தையின் வாயைப் பார்த்தாலே தெரிந்தது.

பேண்டிலேயே கூத்தடிக்காத ஒரே ஆளைக் குரங்காக்கிக் கயிற்றில் கட்டியாகிவிட்டது. ஏன்? அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதே யோசிக்க ஆரம்பித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்ட பாட்டிம்மா ஞாபகம் வந்தாள். டிரம் அடிப்பவரைப் பார்த்து யாராவது கண்ணைத் துடைத்துக்கொள்வார்களா? பெரியண்ணனுக்குப் பொறாமை. இந்த முடிவுக்கு வந்ததும் எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. காரணம் தெரிந்துவிட்டால் மிச்சத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

தேடினால் கிடைக்காமல் போகுமா? அந்த வருஷத்தில்தான் என்னைச் சுற்றியிருந்த எல்லாரும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுக்காரி பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதே கடற்கரைவரை கேட்கும். அப்படிப்பட்ட ஊரில் என்னைப் பார்த்ததும் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசினார்கள். ஒத்திகைக்குப் போனால், உள்ளே நுழையும்போது டெய்லர் தம்பியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல மாமு" என்பார், இந்த முறை பந்தலுக்கே கேட்கிற குரலில். சிரிப்பார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று நான் முகம் முகமாகப் பார்ப்பேன். அப்போது பெரியண்ணன் தம்பிக்கு ஒரு விரலைக் காட்டுவார், தம்பி ஐஸ்காரருக்குத் தலையை ஆட்டுவான். வீட்டில் மனைவியும் அந்தப் பக்கம்தான் என்று தோன்றியது. டி.வி. சத்தத்தைக் குறை, தெருவே காதைப் பொத்துகிறது என்று தினமும் சண்டை. நான் நிம்மதியாக ஒரு செய்தி கேட்கக்கூடாது, அவ்வளவுதானே!

ஒரு நாள் தம்பியின் போன் மேஜைமேல் கிடந்தது. திரை வெளிச்சமானது. நான் வேண்டுமென்று பார்க்கவில்லை, கண் தானாகப் போய்விட்டது. எங்கள் பேண்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் உண்டு, அதில் நானும் இருக்கிறேன். இது வேறு குரூப். பெரியண்ணன், தம்பி, டெய்லர், ஐஸ்காரர், அண்ணிகூட இருந்தார். நான் மட்டும் இல்லை. குரூப்புக்குப் படமாக ஒரு கயிறு. நான் போனை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, கடலைப் பார்த்து நின்றேன். எனக்கு அழுகை வந்தது. வேறொரு டிரம்பெட்காரனைப் பிடித்துவிட்டார்கள், ஒத்திகை நடக்கிறது, தேர்த் திருவிழாவுக்கு என்னைக் கழற்றிவிடப்போகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை இல்லை என்று குரூப்பில், அதாவது நான் இருக்கிற குரூப்பில், தகவல் வந்தது. நான் மனைவியிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, காலடிப்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். தன் கல்யாணத்துக்குப் பிறகு பெரியண்ணன் அங்கேதான் குடியிருந்தார். எதிர்ச் சுவரோரமாக நடந்து, பால்காரரின் சைக்கிளுக்குப் பின்னால் மறைந்து, ஜன்னலைப் பிடித்துவிட்டேன். கண்ணாடிக் கதவு மூடியிருந்தது.

எல்லாரும் இருந்தார்கள். டிரம்பெட்காரன் எவனும் இல்லை. கூடத்தின் நடுவில் ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலின்மேல் ஒரு தலையணையை நிறுத்தி, அதன் இடுப்பில் இந்தப் பச்சைக் கயிற்றைக் கட்டி, தலையில் என் தொப்பியை வைத்திருந்தார்கள். என் தொப்பி! போன மாதம் காணாமல் போனது என்று நான் டெய்லரைச் சந்தேகப்பட்ட தொப்பி. தம்பியும் டெய்லரும் வாசிக்க, ஐஸ்காரர் தட்டை மோத, பெரியண்ணன் ஒரு கையால் டிரம்மை அடித்துக்கொண்டே மறுகையால் கயிற்றை இழுத்தார். ஸ்டூல் குப்புற விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். தூக்கி நிறுத்தி மறுபடி இழுத்தார். இந்த முறை தலையணை மட்டும் லேசாகக் குலுங்கியது. அண்ணி ஓர் ஓரமாக உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலேயே அவர் "இப்போ" என்று சொன்னது அவர் உதட்டிலிருந்து எனக்குத் தெரிந்தது, அதற்கப்புறம்தான் பெரியண்ணன் கை அசைந்தது. என் சொந்த அண்ணி!

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். என்ன பேசினேன் என்பது முழுசாக ஞாபகமில்லை. "இன்னாங்கடா, தலகாணிக்குத் தொப்பி மாட்டி என்னக் கலாய்ச்சிகினு கீறீங்களா?" என்று ஆரம்பித்தேன். பொறாமை பிடித்தவர், தம்பியையும் சேர்த்துக் கெடுத்தவர், கூடப் பிறந்தவனைக் குரங்காக்கி ஊர் சிரிக்க வைத்தவர் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பெரியண்ணனைச் சொன்னேன். அவர் டிரம்மைக் கழற்றிக் கீழே வைத்தார். என்னைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். நான் அவரை விட்டுவிட்டு டெய்லரைப் பிடித்துக்கொண்டேன். தொப்பி திருடன் என்று அவரைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே, டெய்லர் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்தினார். தம்பி தோளைக் குறுக்கினான். அண்ணி கையில் இருந்த இறாலைக் கீழே போட்டுவிட்டு என் பின்னால் பார்த்தார். வாசலில் தூங்கிய நாய்கூட எழுந்து நின்றுவிட்டது. எல்லாரும் எதைப் பார்க்கிறார்கள் என்று திரும்பினேன்.

பெரியண்ணன் என் தலைக்குப் பின்னால், ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை, கன்னம் இரண்டும் உப்ப, கழுத்து நரம்பு புடைக்கத் துறைமுக விசிலை ஊதிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். என் தோளைப் பிடித்து, தன் முகத்துக்கு நேரே நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "கோயில் வாசல்ல ஒரு தபா ஊதனேன். நீ திரும்பல. மறுபடி ஊதனேன். நீ வானத்த பாத்துகினு நின்ன. ஜனம் சிரிச்சிச்சு. அது என் மனசுக்கு பேஜாரா பூட்ச்சு நைனா. அத்தொட்டுதான் கயிறு."

பட்டறைச் சுத்தி என் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. விசில், தாளத்தட்டு, பெண்கள் குரல், குருவி என்று கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போகுமாம். பெரிய டிரம் நெஞ்சில் இடிக்கும், என் டிரம்பெட் என் பல்லில் அதிரும், அதனால் எனக்கு எல்லாம் கேட்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். என் இடத்தில் நான் தப்பாக நுழைந்தால் ஜனம் என்னைப் பார்த்துச் சிரிக்கும். கயிற்றை இழுத்து அந்த இடத்தையே ஒரு ஐட்டமாக்கிவிட்டால், சிரிப்பு ஐட்டத்துக்குப் போய்விடும். துறைமுகத்தில் கிரேன் தூக்கும் பாரம் காற்றில் சுற்றாமல் இருக்க, அதில் ஒரு கயிற்றைக் கட்டிக் கீழே ஒருவர் பிடித்துக்கொண்டே நடப்பார். பெரியண்ணனுக்குத் தெரிந்த வித்தை அதுதான். எந்த வேகத்தில் இழுத்தால் எனக்கு வலிக்காது, எந்த இடத்தில் இழுத்தால் மூச்சை இழுத்து ஊத நேரம் இருக்கும் என்று ஒரு தலையணையை வைத்துக்கொண்டு ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் படித்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டு நான் உருகிப்போயிருப்பேன் என்று நினைத்தால் அது தப்பு. எனக்கு இன்னும் கோபம் வந்தது. இன்றுவரை அந்தக் கோபத்தில் ஒரு பங்கு நியாயம் இருப்பதாகத்தான் நினைக்கிறேன். என் காது போனது தெரு நாய்க்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. "எங்கிட்ட சொல்ல இன்னாண்ணா கேடு உனுக்கு?" என்று கேட்டேன். "சொன்னா நீ பேண்ட வுட்டுட்டு வூட்டுல குந்திக்குவ" என்றார். "யார் சொன்னாலும் நம்பமாட்ட. நம்பிட்டா எழுந்திருக்கமாட்ட. உன்ன எனக்குத் தெரியாதா?" நான் இடுப்பில் கட்டும் கயிற்றைத் தலையணையிலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டு, தொப்பியையும் பிடுங்கிக்கொண்டு, வந்துவிட்டேன். அப்போது அடித்ததுதான் கதவுக்குப் பின்னால் இருக்கும் இந்த ஆணி. டிரம்பெட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அவர் சொன்னபடியேதான் நான் செய்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

எங்கள் வீடு மாடியில். கீழே தெரு. மறுநாள் ஷிஃப்ட் முடிந்து போகும்போது பெரியண்ணன் எதிர்ப்பக்கம் வந்து நின்றார். கூப்பிடவில்லை. தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு, ஜன்னலைப் பார்த்து விரலைக் கீழே காட்டிச் சுழற்றினார். இறக்கு. நான் ஜன்னலைச் சாத்தினேன். அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். தெருவில் கூட்டம் சேர ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார், அவர் உட்காரவில்லை. ஒரு கையை அசையாமல் வைத்து அதன்மேல் மறுகையை மெல்லச் சுழற்றிக்கொண்டே நின்றார். மெதுவாக இறக்கு. எனக்கு இதிலும் சந்தேகம்தான். தேர்த் திருவிழா நெருங்குகிறது, ஆள் கிடைக்கவில்லை, அதற்காகத்தான் இந்த நாடகம் என்று நினைத்தேன். கொடியேற்றம் முடிந்தது. தேரும் முடிந்தது. டிரம்பெட் இல்லாமலேயே வாசித்தார்களாம். என் இடம் வந்ததும் நால்வரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு, அந்த ஐந்தாறு வரி நேரம் சும்மா நின்றுவிட்டு மறுபடி தொடர்ந்தார்களாம். மனைவி முகத்துக்கு நேரே நின்று இதைச் சொன்னாள். நம்பாமல் இன்னும் இரண்டு பேரை விசாரித்தேன். அவர்களும் அதையே சொன்னார்கள்.

திருவிழா முடிந்த மறுநாளும் அவர் வந்து நின்றார். இனி என்னால் அவருக்கு என்ன ஆகவேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அவர் விரலைச் சுழற்றினார், ஒரு படி இறங்கினேன். முஷ்டியை மூடினார், நின்றேன். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, துளியும் சிரிக்காத முகத்தோடு அவர் என்னை ஒவ்வொரு படியாக இறக்கித் தரையில் வைத்தார். கடைசிப் படியில் இரண்டு கையையும் தட்டித் தூசு உதறினார். ஜனம் கைதட்டியது. என் காதில் அது தூரத்து மழை மாதிரி விழுந்தது.

அதற்கப்புறம் பல வருஷம் வாசித்தோம். காதுக்கு மிஷின் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு பேண்டில் நின்றால் எல்லாச் சத்தமும் ஒரே குப்பையாகக் காதில் கொட்டும். அதனால் வாசிக்கும்போது அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். கயிறு இருந்தது, அது போதும். இடுப்பில் விழும் வெடுக்கிலிருந்தே பெரியண்ணனின் அன்றைய மனநிலையைச் சொல்லிவிடுவேன். வீட்டில் சண்டை என்றால் கொஞ்சம் வேகமாக விழும். ஜுரம் என்றால் கனமாக விழும். கடைசி வருஷத்தில் அது ரொம்ப லேசாகிவிட்டது. என்னமோ மறைக்கிறார் என்று அதிலிருந்துதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டால் "ஒண்ணுமில்ல நைனா" என்றார். அண்ணியிடம் கேட்டேன், அண்ணியும் ஒன்றுமில்லை என்றார். அந்தச் சந்தேகம் மட்டும் நிஜமாகிவிட்டது. நெஞ்சில் ஏற்கெனவே ஒரு தடவை வலி வந்திருந்தது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் சாவுக்கு நாங்கள் வாசித்தோம். ஐட்டம் எதுவும் இல்லை, வெறும் பாட்டு. பெரிய டிரம்மைத் தம்பி மாட்டிக்கொண்டான். நான் மிஷினைக் கழற்றிப் பையில் போட்டேன். கயிற்றின் வளையத்தையும் இடுப்புக்கு இறக்கிக்கொண்டேன். அது இல்லாமல் டிரம்பெட்டை வாயில் வைக்கவே எனக்கு வரவில்லை. மறுநுனியை யாரிடமும் கொடுக்கவில்லை. யாரிடம் கொடுப்பது? அது பின்னால் தார் ரோட்டில் இழுபட்டுக்கொண்டு வந்தது. எங்களுக்குப் பின்னால் வண்டி, வண்டிக்குள் அவர், சுற்றிலும் ஜனம். என் இடம் நெருங்கிக்கொண்டே வந்தது. தம்பியின் அடி வேறு, அண்ணனின் அடி வேறு. எதை வைத்து நுழைவது? தப்பான இடத்தில் ஊதினால் அவர் சாவில் ஜனம் சிரித்துவிடும். ஊதாமலே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தபோது, இடுப்பில் ஒரு வெடுக்கு விழுந்தது.

சரியான இடம். மூச்சை இழுக்க நேரம் விட்டு, வலிக்காமல், மிகச் சரியான இடம். நான் ஊதினேன். எவ்வளவு நேரம் ஊதினேனோ அவ்வளவு நேரமும் அழுதுகொண்டே ஊதினேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் புத்தி தன் வேலையைப் பார்க்காமல் இருக்குமா? தம்பியின் இரண்டு கையிலும் டிரம் கோல். டெய்லரின் இரண்டு கையும் கிளாரினெட்டில். ஐஸ்காரரின் இரண்டு கையிலும் தட்டு. மூன்று பேருமே எனக்கு முன்னால் நடக்கிறார்கள்.

கல்லறையில் ஆளுக்கு ஒரு கை மண் அள்ளிப் போட்டோம். அண்ணி குனிந்து மண்ணை அள்ளி, கையை விரித்துப் போட்டார். நான் எதிரில் நின்றிருந்தேன். வலது உள்ளங்கையில் குறுக்காக, நைலான் உராய்ந்து தோல் கன்றிய சிவப்புக் கோடு ஒன்று ஓடியது. வழியெல்லாம் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் அப்படி விழும். நான் பார்ப்பதை அண்ணி பார்த்துவிட்டார். கையை மூடிக்கொண்டார்.

"இன்னா தம்பி?" என்றார். உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எத்தனையோ கேட்டிருக்கலாம். பிணத்தின் பக்கத்தில் அழுதுகொண்டு வரவேண்டியவர் எப்போது எழுந்து முன்னால் வந்தார், அந்த இடம் அவருக்கு எத்தனை வருஷமாகத் தெரியும், அண்ணன்தான் சொல்லிவிட்டுப் போனாரா என்று விசாரித்திருக்கலாம். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் கையைப் பிடித்துப் பார்த்தவன் நான். அன்றைக்கு "ஒண்ணுமில்ல அண்ணி" என்றேன்.

இன்று சாயங்காலம் மறுபடி தேர். தம்பியும் டெய்லரும் ஐஸ்காரரும் கீழே ஆட்டோவில் வந்து நின்று ஹார்ன் அடிப்பதாக மனைவி வந்து முகத்துக்கு நேரே சொன்னாள். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். கயிறு அங்கேதான் இருந்தது. ஆனால் வளையத்தைச் சுற்றியிருந்த பழைய வெல்வெட்டைப் பிரித்துப் புதுசு தைத்திருந்தது. என் மனைவிக்குத் தைக்கத் தெரியாது. அவளைப் பார்த்தேன். அவள் துணி காயப்போடுவதைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்தாள். காலடிப்பேட்டையிலிருந்து அண்ணி எப்போது வந்துபோனார் என்று நான் கேட்கவில்லை. மிஷினைக் கழற்றிப் பையில் போட்டேன். வளையத்தைத் தலைவழியாக இறக்கிக்கொண்டேன். மறுநுனியை யாரிடமும் கொடுக்காமல், மனைவி நின்ற பக்கம் படியில் விழட்டும் என்று பின்னால் விட்டேன். இரண்டு படி இறங்குவதற்குள் கயிறு தரையை விட்டு எழும்பியது இடுப்பில் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.